கிண்ணம் கழுவிய தண்ணீர்

"தாயே, பொய் சொன்னா எடுத்த விரதம் போச்சு. உண்மையைச் சொன்னா அந்தப் பொண்ணு உயிர் போச்சு. நான் என்னதான் சொல்லட்டும்?"

குருவிடம் இப்படிக் கேட்டவள் பௌத்த பிக்குணி சன்ஹே. தென் கொரியாவில் ராணுவம் ஆண்ட காலம் அது. நகரத்தில் ஊர்வலம் போன மாணவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். தப்பி ஓடிய ஒருத்தி, யங்ரான் என்று பெயர், காலையில்தான் இந்த மலை மடத்துக்கு வந்து விழுந்தாள். குரு மியோஜின் அவளுக்கு மொட்டையடித்து, சாம்பல் நிற அங்கியை மாட்டிவிட்டார். அதற்குள் அடிவாரத்தில் ஜீப் சத்தம்.

குரு சன்ஹேயைவிடப் பத்து வயது இளையவர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"சாப்பாட்டு மணி அடி," என்றார்.

உயிர் போகிற நேரத்தில் சாப்பாடா! ஆனாலும் சன்ஹே மணியை அடித்தாள்.

அந்த மடத்துச் சாப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கிம்ச்சி என்று மிளகாயில் ஊறின கோஸ் பரிமாறுவார்கள். அதில் ஒரு துண்டை அலசி முதலிலேயே ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அதைக்கொண்டு கிண்ணத்தைத் துடைத்து, கழுவிய தண்ணீரைப் பொது வாளியில் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் பசித்த பேய்களுக்கு. அதுகளுக்கு ஊசித் தொண்டையாம், ஒரு பருக்கை இருந்தாலும் அடைத்துக்கொள்ளுமாம். தண்ணீர் கலங்கிவிட்டால் அத்தனை பேரும் அதைக் குடித்தே தீரவேண்டும்.

எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் லெப்டினன்ட் வந்தான். பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"மொட்டைத் தலை எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு," என்றான். "பரவாயில்லை. நான் மடத்துச் சோறு தின்னு வளர்ந்தவன். யார் நிஜம், யார் வேஷம்னு வாளி சொல்லிடும்."

சன்ஹே வரிசையின் கடைசியைப் பார்த்தாள். ஐயோ! அகோரப் பசியில் அந்தப் பெண் துடைக்கிற கோஸ் துண்டையும் சேர்த்து விழுங்கியிருந்தாள். மொட்டையடித்த அவசரத்தில் இதை யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை.

வாளி முதலில் குருவிடம் வந்தது.

கறுக்.

குரு தன் கோஸ் துண்டை வாயில் போட்டு மென்றார். துடைக்காத கிண்ணத்தை அலசி அப்படியே ஊற்றினார். வாளியில் சிவப்பு பரவியது. பருக்கைகள் மிதந்தன.

இவருக்குப் பைத்தியமா? ஒரு பருக்கை விட்டதற்கு இத்தனை வருஷமாக என்னைத் திட்டித் தீர்த்தவர் இவர்தானே?

வாளி சன்ஹேயின் முன்னால் வந்துவிட்டது. அவள் கையில் துண்டு இருந்தது. குருவோ உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசைக் கடைசியில் ஒரு கிண்ணம் கடகடவென்று நடுங்கியது.

பேய்களே, மன்னிச்சுக்கோங்க என்று முணுமுணுத்தாள் சன்ஹே. துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

கறுக்.

அடுத்தவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு அவளும் கறுக். அதற்கடுத்தவளும். வாளி யங்ரானிடம் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ரசம் மாதிரி இருந்தது. அவளும் ஊற்றினாள்.

லெப்டினன்ட் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. சன்ஹேயிடம் வந்தான்.

"நீங்க பெரியவங்க. பொய் சொல்ல மாட்டீங்க. இதுல தப்பி வந்தவ ஊத்தினது எது?"

சன்ஹே வாளிக்குள் பார்த்தாள். உண்மையாகவே தேடிப் பார்த்தாள்.

"கலந்துபோச்சே ஐயா," என்றாள். "இனி எப்படிப் பிரிக்கிறது?"

அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போக ஜீப்பில் இடமில்லை. அவன் வாசலில் உட்கார்ந்து, வெகுநேரம் பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். ஜீப் மலை இறங்கிப்போன பிறகுதான் யங்ரான் வாய்விட்டு அழுதாள்.

சன்ஹேக்குக் குழப்பம் தீரவில்லை. "தாயே, நான் சொன்னது நிஜமா, பொய்யா?"

குரு வாளியைச் சாய்த்து ஒரு கிண்ணம் நிரப்பி, அவள் பக்கம் தள்ளினார்.

"காரமா இருக்கும். மெதுவாக் குடி."