கேப்டன் வளர்த்த புயல்

கேப்டன் வைகுண்டராஜனிடம் சொந்தமாக ஒரு புயல் இருந்தது. கப்பல் பயிற்சிப் பள்ளியில், திரையில் ஓடும் பொய்க்கடலில், அவர் பொத்தானை அமுக்கினால் கிளம்பும். அவர் நிறுத்தினால்தான் நிற்கும். அந்தப் புயலில் கப்பலைத் துறைமுகம் சேர்க்காதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. காலையிலிருந்து ஒன்பது பேர் பாறையில் மோதியிருந்தார்கள்.

பத்தாவதாக மணப்பாட்டு மீனவர் மகள் ஜெசிந்தா வந்தாள்.

"இது கட்டுமரம் இல்ல, தெரியும்ல?" என்று சிரித்தார் கேப்டன்.

"எத்தனை மணிக்குள்ள சேரணும் சார்?"

"நீயா? நாள் பூரா எடுத்துக்கோ. கப்பல்ல கீறல் மட்டும் விழக்கூடாது."

ஜெசிந்தா கப்பலை ஆழ்கடலுக்குத் திருப்பினாள். முகப்பைக் காற்றுக்கு எதிரே நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"என்ன பண்றே?"

"புயல் அடங்கட்டும் சார். எங்க அப்பாவும் இப்படித்தான் நிப்பாங்க."

மணி ஒன்றானது, இரண்டானது. பரீட்சை முடியாமல் யாரும் அறையை விட்டு நகரக்கூடாது என்பது கேப்டனே போட்ட சட்டம். கீழே சீலா மீன் பொரிக்கிற வாசம் மாடியேறி வந்தது. மூன்று மணிக்கு அவர் விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.

கடல் அடங்கியது. ஜெசிந்தா கப்பலைப் பூப்போலக் கரை சேர்த்தாள்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேப்டன் கேட்டார்: "புயல் நிக்கும்னு எப்படித் தெரியும்?"

"புயலுக்கும் பசிக்கும்லா சார்!"