திருமேனி கொடுத்த வெயில்

மேற்கு மலைக்காட்டில் நாச்சியம்மையின் குடிலில், அவரை அம்மா என்று அழைக்கும் ஏழு சீடர்கள் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் திருமேனி. நாச்சியம்மையைவிடவே பத்து வயது பெரியவர். வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வந்து சேரும் அன்றே ஒவ்வொருவருக்கும் காட்டில் தானாக முளைத்த ஒரு கன்றை அம்மா காட்டிவிடுவார். தண்ணீர் ஊற்றக் கூடாது, களை பிடுங்கக் கூடாது. தினமும் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கன்று தலைக்கு மேல் வளர்ந்தால் ஆளும் தேறிவிட்டதாக அர்த்தம் என்று சீடர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அம்மா அப்படிச் சொன்னதே இல்லை.

திருமேனிக்கு வாய்த்தது வெடிப்பலாக் கன்று. பெரிய மரங்களின் அடியில், நண்பகலிலும் அரையிருட்டாகக் கிடக்கும் இடத்தில் நின்றது. பதினோரு வருஷத்தில் அவர் முழங்காலைத்தான் எட்டியிருந்தது. அதற்காக அவர் வருந்தியதில்லை, பூவணன் வரும்வரை.

பூவணன் வந்து இரண்டே வருஷம். ஒரு பெருமரம் சாய்ந்து வானம் தெரிந்த இடத்தில் அவனுக்கு ஒரு வட்டக்கண்ணிக் கன்று கிடைத்தது. முறம் அகலத்துக்கு இலை விட்டு, அது அவன் தலையைத் தாண்டிப் போய்விட்டது. திருமேனி தம் கன்றின் எதிரில்தான் உட்கார்ந்தார். கழுத்து மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

அப்போது எதிர்மலைக் குடிலுக்குப் பொறுப்பாக ஒருவரை அனுப்ப வேண்டி வந்தது. தம்மைத்தான் சொல்வார் என்று திருமேனி துணிகளைத் துவைத்து மடித்தே வைத்துவிட்டார். அம்மா பூவணன் பெயரைச் சொன்னார். பௌர்ணமிக்கு மறுநாள் அவன் கிளம்ப வேண்டும்.

அன்று திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறு பெயர் வைத்து என்ன பயன்? பூவணன் சிரித்தால் வயிறு எரிந்தது, சும்மா இருந்தால் இன்னும் எரிந்தது. அந்த முறத்து இலைகளைக் கிழித்துப் போடக் கை பரபரத்தது. கிழிக்கவில்லை, நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியிருந்தாரே.

மறுநாள் விடிந்ததும் அரிவாளோடு மரமேறினார். தம் கன்றுக்கு மேலே கவிந்திருந்த கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளினார். பங்குனி வெயில் பளீரென்று உள்ளே விழுந்தது. இனி வளரட்டும் பார்க்கலாம் என்று வேட்டியை உதறிக்கொண்டு இறங்கினார்.

ஐந்தாம் நாள் கன்றின் இலைகள் வெளுத்து, ஓரம் கருகிச் சுருண்டன. திருமேனி பதறிப்போய் அம்மாவிடம் வந்தார்.

“வெளிச்சந்தானேம்மா குடுத்தேன். ஏன் கருகுது?”

“அது நிழலுக்குன்னே விட்ட இலை, மெல்லிசா, அகலமா. துளி வெளிச்சம் வந்தாலும் ஏந்திக்கும். நீங்க குடங்குடமா ஊத்திட்டீங்க.”

“அவன் கன்னு அதே வெயில்லதானே நிக்குது?”

“அது முளைச்சதே வெயில்ல.”

திருமேனி விடவில்லை. “அந்தக் கன்னை எனக்குக் காட்டியிருக்கலாமே. அது வளர்ந்ததாலதானே அவனை அனுப்புறீங்க?”

“எதிர்மலைக் குடில்ல கூரை ஒழுகுது. பூவணனுக்கு வேயத் தெரியும்.”

 கன்று செத்துவிடுமா என்று திருமேனி கேட்டார்.

“தெரியல. கிளையைத் திரும்ப ஒட்ட முடியாது. போய் நிழலா நில்லுங்க.”

அவர் ஒரு காட்டுவாழை இலையை அறுத்து எடுத்துக்கொண்டு போய் நின்றார். வெயில் ஏறும்போது பிடிப்பார், சாயும்போது இறக்குவார். முதல் நாட்களில் கை கடுத்தது, மனம் அதைவிட அதிகமாகக் கடுத்தது. அந்தப் பக்கம் வட்டக்கண்ணி காற்றில் ஆடும் சத்தம் கேட்டாலே பல்லைக் கடித்தார். பழைய இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் வெறும் குச்சி நின்றது. அதன் நுனியில் கடுகளவு பச்சை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அவர் குனிந்தே நிற்க வேண்டியிருந்தது. ஒருநாள் இருக்கிற மாதிரி தெரிந்தது, மறுநாள் இல்லை. இப்படியே மூன்று வாரம் போயிற்று.

ஒரு மாலை திருமேனி அம்மாவின் முன்னால் வந்து நின்றார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது.

“துளிர் விட்டிருக்கும்மா. ஆனா பழைய இலை மாதிரி இல்ல. சின்னது, கொஞ்சம் தடிப்பு. வெயிலைத் தாங்கும்னு நினைக்கிறேன். நுனி மட்டும் அப்படியேதான் கூரா நீண்டிருக்கு, மழைத்தண்ணி வழிஞ்சு ஓட.”

அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “பூவணன் கிளம்பியாச்சா?” என்றார்.

திருமேனி விழித்தார். “இன்னிக்கா? நான் கவனிக்கலையேம்மா.”

“காலையிலேயே போயாச்சு. உங்க பக்கத்துல நின்னு, போயிட்டு வரேன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுத்தான் போனான்.”