மாமியார் தவளை, மருமகள் தவளை

"டீச்சரம்மா, என்னால ஆகாது. மாமியாரைத் தொட்டா மருமகளும் சேந்து மாறிப்போறா!"

இசக்கியப்பன் அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

குளத்தங்கரையில் ஐந்து மணிக்கு நாடகம். குளத்தைக் காப்பாற்றச் சொல்லி ஊர்ப் பெண்கள் தவளை வேஷம் போடுகிறார்கள். தவளைக் குரலுக்கு அண்ணாச்சி பொறுப்பு. கம்ப்யூட்டர் திரையில் பெட்டிகளை வைத்து, வயர் இழுத்து இணைத்தால் ஓசை வரும். அந்த வித்தையை அவருக்குச் சொல்லித்தந்தவர் ரஹ்மத் டீச்சர். சிஷ்யரைவிடப் பத்து வயது சின்னவர்.

மனுஷன் ஆசை ஆசையாக ஒரு தவளைப் பெட்டி செய்திருந்தார். மாமியார் தவளைக்கு ஒன்று, மருமகள் தவளைக்கு ஒன்று என்று அதையே இரண்டு இடத்தில் வைத்தார். இரண்டும் ஒரே குரலில் கத்தித் தொலைத்தன.

"மாமியாரும் மருமகளும் ஒரே குரல்ல சண்டை போட்டா ஊரு சிரிக்காதா?"

"மாத்திப் பாத்தீங்களா, அண்ணாச்சி?"

"மாமியாரைத் திறந்து குரலை இறக்கினேன். மருமகளும் இறங்கிட்டா."

டீச்சர் பெட்டியைத் திறந்தார். உள்ளே 220 என்ற எண். குரலே அதுதான். எண் குறைந்தால் குரல் தடிக்கும்.

டீச்சர் அதைப் பட்டென்று அழித்தார்.

"ஐயையோ! எம்புட்டுப் பாடுபட்டுப் பிடிச்ச குரல்!"

இரண்டு தவளைகளும் வாயடைத்துப் போயின. அண்ணாச்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

எண் இருந்த இடத்தில் டீச்சர் $1 என்று எழுதி, பெட்டியை மூடினார். வெளியே கொடுக்கும் எண்ணை இங்கே வாங்கிக்கொள் என்று அதற்கு அர்த்தம். வெளியே, மாமியார் பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில் 90 என்று தட்டினார்.

மாமியார் "கொர்ர்ர்" என்றாள்.

அண்ணாச்சி சும்மா இருப்பாரா? மருமகள் பெட்டிக்குப் பக்கத்தில் தானே 400 தட்டினார்.

மருமகள் "கீக்" என்றாள்.

"உள்ள ஒரு எண்ணுமே இல்லையே, டீச்சரம்மா!"

"இல்லைதான்."

அண்ணாச்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டையும் மாறிமாறிக் கத்தவிட்டு, சின்னப் பிள்ளையாகக் கைதட்டினார்.

மருமகளாக நடிக்கும் முப்பிடாதி பச்சைச் சேலையோடு எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி கீச்சுக் குரலு?"

"மருமகள்னா அப்படித்தான், தாயி..."

சொல்லிக்கொண்டே வந்தவர், பெட்டிக்குள் எண்ணே இல்லாதது நினைவுக்கு வர, நிறுத்தினார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

அண்ணாச்சி 400ஐ அழித்தார். கம்ப்யூட்டரை முப்பிடாதி பக்கம் திருப்பினார்.

"நீயே போடு, தாயி."

அவள் யோசிக்கவே இல்லை. 40 என்று தட்டினாள்.

ஸ்பீக்கர் கிடுகிடுத்தது. மாமியார் வேஷம் போட்ட கோமதி காதைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி ஆத்தி! இனிமே நான்ல மருமக!"