இடக்கை நாடி

அந்தத் துறைமுக ஊரில் நாடி பார்ப்பதில் மரகதம்மாளை மிஞ்ச ஆளில்லை. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தால் போதும், நேற்றுச் சாப்பிட்டதையும் சொல்வார், இன்று மறைப்பதையும் சொல்வார். அவருடைய சீடன் திருமேனி வயதில் அவரைவிட மூத்தவன். ஆனாலும் அவர் நாடி பிடிக்கும் அழகை வாய் பிளந்து பார்ப்பான்.

ஒருநாள் கேட்டான்: "அம்மா, பொண்டாட்டி மேல சந்தேகம் எந்த அளவு தாண்டினா நோய்?"

பர்மாக்காரர் தெருவில் மனைவி அந்நியனோடு சிரித்துப் பேசினால் கணவனும் சேர்ந்து சிரிக்கிறான் என்றான். ஜாவாவிலிருந்து வந்த சாவகர் தெருவில் கடைக்குக்கூட கணவன் கூடவே போகிறான், பெண்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். சொந்தத் தெருவிலோ கொஞ்சமும் பொறாமைப்படாதவனுக்குப் பாசமில்லாதவன் என்று பெயர். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பது நாடி முறை. எல்லாத் தெருவிலும் சந்தேகக்காரக் கணவர்களின் வலக்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டான். அந்த நாடிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

தன் வீட்டுப் புண்ணை ஊர்ப் புண்ணாக்கிக் கேட்பதில் ஆண்கள் கெட்டிக்காரர்கள். இன்னொரு தடவை சந்தேகப்பட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பவே மாட்டேன் என்று அவன் மனைவி கோமளம் சொல்லியிருந்தாள். அவனுக்கோ அவளை விட்டால் வேறு உலகமில்லை.

மரகதம்மாள் கோமளத்தை அழைத்து வரச் சொன்னார்.

"நோய் இருந்தா எனக்குத்தானே இருக்கும்?" என்றான் திருமேனி.

"கூட்டிட்டு வாங்க."

மறுநாள் கோமளத்தின் இடக்கையைப் பிடித்துக்கொண்டு, திருமேனியைக் கொல்லையில் தூதுவளை பறிக்க அனுப்பினார். வளையல்காரன் தன்னிடம் பேரம் பேசிய லட்சணத்தைக் கோமளம் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சிரிப்பு கொல்லை வரை கேட்டது. அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! கிட்டே போய்க் கேட்கத் திருமேனிக்கு ஆசையாக இருந்தது. முள் குத்தியதைக்கூடப் பார்க்காமல் வேகமாக வந்தான்.

கொல்லைப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிப்பு பாதியில் நின்றது.

மரகதம்மாள் அவன் விரல்களை எடுத்துக் கோமளத்தின் மணிக்கட்டில் வைத்தார். கையில் பிடித்த குருவி போல நாடி படபடத்தது.

"என்ன சொல்லுது?"

"பயம்," என்றான்.

"எல்லாத் தெருவிலயும் புருஷன் கையைப் பிடிச்சீங்க," என்றார் மரகதம்மாள். "பொண்டாட்டி கையை ஒரு தெருவிலயும் பிடிக்கலையே."

திருமேனி விரல்களை மெல்ல எடுத்தான்.