ஒரு மூலக்கூறு கனம்

அரங்கண்ணல் கல்லூரி வாத்தியார். தலை நரைத்த பிறகுதான் அவருக்கு ஆராய்ச்சி ஆசை பிடித்தது. வழிகாட்டியாக வாய்த்த மெஹருன்னிசா வயதில் அவரைவிட இளையவர். அதில் மாணவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சிலிக்கான் வில்லை ஒன்றின் மேல் அரங்கண்ணல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் படலம் பூசியிருந்தார். மூலக்கூறுகள் அதில் ஒழுங்காக அடுக்கி நிற்கின்றனவா என்று பார்க்க சிங்க்ரோட்ரான் என்னும் ராட்சத எந்திரத்தின் எக்ஸ் கதிர் வேண்டும். மாலையில் கதிர் வேறு குழுவுக்குப் போய்விடும். இன்று விட்டால் ஆய்வேட்டுக்கான கெடுவும் போய்விடும்.

மதியம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மேடம், கிடைச்சிருச்சு! எவ்வளவு உசரமா நிக்குது பாருங்க!"

கணினித் திரையில் கோடு ஒரு சிகரமாக ஜம்மென்று நின்றது.

"காலையில ஒண்ணுமே வரலைன்னீங்களே?"

"கதிர் ரொம்பப் படுத்தாப்ல விழுந்துச்சு மேடம். கொஞ்சம் கொஞ்சமா நிமிர்த்தினேன். நிமிர்த்த நிமிர்த்த ஏறிச்சு."

மெஹருன்னிசா பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. எதுவும் பூசாத வில்லை ஒன்றை எடுத்துக்கொண்டு கதிர் அறைக்குள் போனார். அரங்கண்ணலின் வில்லையை எடுத்துவிட்டு அதை வைத்தார். உள்ளே யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்து, அதற்கான பொத்தானை அழுத்தி, வெளியே வந்து ஈயக் கதவைச் சாத்தினார். அதே கோணம்.

அதே சிகரம் வந்தது.

அரங்கண்ணலின் முகம் தொங்கிப்போயிற்று. பாவம், ஊருக்கு அதற்குள் போன் வேறு போட்டிருந்தார்.

"அப்ப நான் பார்த்தது?"

"அடியில இருக்கிற சிலிக்கான், சார். நிமிர்த்தினா கதிர் மேலே தங்காது. படலத்தைத் தாண்டி உள்ளே இறங்கிடும்."

பழைய வில்லை மறுபடி உள்ளே போனது. கதிரை மேற்பரப்பை உரசிப் போகும் அளவுக்குப் படுக்க வைத்தார் மெஹருன்னிசா. திரை வெறுமையாகக் கிடந்தது. அரங்கண்ணலின் கை தானாகக் கோணத்தை மாற்றப் போனது.

"தொடாதீங்க. காலையில நீங்க நிறுத்தினது இங்கேதான். சிதறி வர்ற கதிரைக் கருவி நிதானமா எண்ணட்டும்."

எண்ணியது. அரங்கண்ணல் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அடுத்த குழு வந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கியபோது, அரங்கண்ணல் முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்த இடத்திலேயே கோடு லேசாகப் புடைத்தது. புடைப்பு அப்படியே நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"இத்தனூண்டுதானா மேடம்? அது எவ்வளவு பெருசா இருந்துச்சு!"

மெஹருன்னிசா சிரித்தார்.

"பெருசுதான், சார். ஆனா இதுதான் உங்களோடது."