படிக்கலாம், எழுதக்கூடாது

குருவுக்கு நாற்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நாகர்கோவில் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில், சுகந்தவல்லி மேடத்திடம் வேலை படிக்க உட்கார்ந்த அன்று தேவசகாயத்துக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. விழுங்கிக்கொண்டார். ஒன்பது வருஷம் நன்றாகவே படித்தார்.

அங்கே படிக்க வேண்டிய வித்தை ஒன்றுதான். சர்வரில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் எல்லை வகுத்து விதி எழுத வேண்டும். பில் அடிக்கிற புரோகிராம் பிரிண்டரைத் தொடலாம், நோயாளியின் ரிப்போர்ட்டைத் தொடக்கூடாது. விதியில் இல்லாத எதற்கும் அனுமதி இல்லை. சர்வரையே ஆளுகிற ரூட் பாஸ்வேர்டை வைத்திருப்பவர் கேட்டாலும் இயந்திரம் மசியாது. மறுத்துவிட்டு, யார் எதைக் கேட்டார்கள் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைக்கும். அந்தப் பதிவேட்டை மேடம் தினமும் காலையில் படிப்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நஸ்ரின் வந்து சேர்ந்தாள். கல்லூரி முடித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. சந்தேகம் கேட்கக் கூச்சமே கிடையாது. அவள் கேட்டால் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அவளை "கண்ணு" என்பார். தேவசகாயத்தை "அண்ணாச்சி" என்பார். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையைத் தூக்கிக்கொடுத்துவிட்டு ஒரே ஒரு "கண்ணு" வாங்கிக்கொள்ள அவர் தயாராக இருந்தார்.

போன மாதம் ரத்த வங்கிக்குப் புது புரோகிராம் வந்தது. யாருக்கு எந்த ரத்தம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது அது. ஆஸ்பத்திரியிலேயே பெரிய வேலை அதற்கு விதி எழுதுவதுதான். தனக்குத்தான் வரும் என்று தேவசகாயம் வீட்டில்கூடச் சொல்லிவிட்டார்.

மேடம் அதை நஸ்ரினிடம் கொடுத்தார்.

பொறாமைதான். அதற்கு வேறு நாசூக்கான பெயர் வைக்க வேண்டியதில்லை. அவள் பேரீச்சம்பழம் நீட்டினால் சர்க்கரை இருக்கிறது என்றார், இல்லாத சர்க்கரையை. சந்தேகம் கேட்டால் பாதி பதிலைச் சொல்லி மீதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். பாதி பதிலைக் கொண்டே அவள் சரியாகச் செய்துவிட்டபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புது புரோகிராம் நாளைக் காலை தொடங்குகிறது என்ற நிலையில், மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தேவசகாயம் மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

நஸ்ரின் எழுதிய விதிகள் தனி ஃபோல்டரில் இருந்தன. நேராகக் கை வைக்க முடியாது. ஆனால் பேக்கப் புரோகிராம் இருக்கிறதே. எல்லா ஃபைலையும் தினம் நகல் எடுத்து வைப்பது, கெட்டுப் போனால் பழைய நகலைத் திரும்பப் போடுவது. அது அவர் பொறுப்பில் இருப்பது, அவருடைய பிள்ளை மாதிரி. போன வாரத்து அரைகுறை நகலை அவளுடைய ஃபைல் மேல் போடச் சொன்னால் போதும். யார் கேட்டாலும் பேக்கப் தடுமாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். காலையில் புரோகிராம் ஓடாது, டாக்டர்கள் எல்லாரும் நிற்கும்போது அவள் திருதிருவென்று முழிப்பாள். அந்த முகத்தைத் தவிர வேறு எதையும் அவர் யோசிக்கவில்லை.

உத்தரவைத் தட்டினார். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. ரூட்டாக நுழைந்து மறுபடி தட்டினார். மறுபடி அதே பதில்.

மாட்டிக்கொள்வோமே என்ற பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. 'என் பேக்கப்புக்கே எல்லை போட்டு வைத்திருக்கிறாரே இந்த அம்மா' என்று நினைத்தார்.

மறுநாள் காலை நஸ்ரின் ரத்த வங்கிக்குப் போயிருந்தாள். மேடம் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நேத்து ஒன்னேகாலுக்கு பேக்கப்பு நஸ்ரின் ஃபைலத் தொடப் போயிருக்கு. ரெண்டு தடவ."

"டெஸ்ட் பண்ணினேன் மேடம். சும்மா பாக்கலாம்னு."

மேடம் திரையை அவர் பக்கம் திருப்பினார். அந்த வரியில் 'படிக்க' என்று இல்லை, 'எழுத' என்று இருந்தது.

தேவசகாயம் உட்கார்ந்தார்.

"ஆமா. பழைய நகல அது மேல போடப் பாத்தேன். எல்லார் முன்னாடியும் அவ அசிங்கப்படணும்னு நெனச்சேன்."

"காலைல ஆறு மணிக்கு ஒரு பிரசவ கேஸ். ரெண்டு பாட்டில் ரத்தம் வேண்டியிருந்துச்சு. அந்தப் புரோகிராம்தான் பாத்துக் குடுத்துச்சு."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்பது வருஷத்து மனத்தாங்கல் அவ்வளவு லேசில் அடங்குமா?

"நான் செஞ்சது தப்புதான் மேடம். ஆனா ஒண்ணு கேக்கணும். எட்டு மாசம் முன்னால வந்த புள்ளைக்கு அவ்வளவு பெரிய வேலை. ஒம்பது வருஷமா கூட இருக்கிறவனுக்கு வேலி. என் பேக்கப்பு கையக் கட்டி வச்சிருக்கீங்க. எம்மேல என்ன அவ்வளவு சந்தேகம்?"

"அந்த விதியத் திறங்க அண்ணாச்சி."

திறந்தார்.

"அதுக்கு மேல காரணம் எழுதியிருக்கும்லா. வாய்விட்டுப் படிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"'பேக்கப் எல்லா ஃபைலையும் தொடும். அதனால் அதை வைத்திருப்பவருக்கு ஒருநாள் புத்தி கெடலாம். விதிகள் இருக்கும் ஃபோல்டரை அது படிக்கலாம், எழுதக்கூடாது. இதில் யாருக்கும் விலக்கு வேண்டாம். எனக்கும்.'"

"யார் எழுதினதுன்னு கீழ இருக்கும்."

அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி, அதன் பக்கத்தில் அவருடைய பெயர். அன்றைக்கு மேடம் சிரித்துக்கொண்டே "உங்களுக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டதும், "எனக்குந்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும் இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன.

கண்ணாடியைக் கழற்றினார்.

"நஸ்ரினுக்குத் தெரியுமா மேடம்?"

"பதிவேட்ட நான் மட்டுந்தான் படிப்பேன்."

"நான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன்."

"எதுக்கு?"

"இனிமே என்னை எப்படி நம்புவீங்க?"

மேடம் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இந்த விதிய எழுதின ஆளத்தான் நான் நம்புதேன் அண்ணாச்சி. அவர எதுக்கு நான் அனுப்பணும்? நேத்து மத்தியானம் வந்த ஆள அவரு உள்ள விடலயே."