தாலிக்கு முந்திய குரல்

அந்தக் காலத்தில் புல் பூண்டுக்கும் பேச்சு இருந்தது, நம்பினால் நம்புங்கள். அதிலும் காவிரிக் கரை நாணல் இருக்கிறதே, சரியான வாயாடி. குளிக்க வந்தவர்கள் பேசுவதைக் கேட்டு, கண் காது மூக்கு வைத்து அடுத்த துறைக்கு அனுப்பிவிடும்.

அந்த ஊரில் சடைச்சி என்று ஒருத்தி. காய்ச்சலில் பேச்சு போய்விட்டது. அதற்குப் பிறகும் ஒற்றை ஆளாய் நின்று மகள் பவளாயியை வளர்த்தாள். அக்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. அன்றைக்கெல்லாம் பெண்ணைப் பெற்றவள் வாய்திறந்து "கட்டுங்க" என்று சொன்னால்தான் தாலி ஏறும். சடைச்சி தலையாட்டினால் போதும் என்று பேசி முடித்திருந்தார்கள்.

நாணலுக்குப் பொறுக்குமா? "அவளுக்குப் பேச்சு நல்லாத்தான் வரும். மாப்பிள்ளையைப் பிடிக்கலை, அதான் வாயை மூடிக்கிட்டிருக்கா" என்று அக்கரை வரைக்கும் கதை கட்டிவிட்டது.

முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா வீரணன் எழுந்தார். "அந்தம்மா வாயால சொல்லட்டும். இல்லேன்னா நாங்க கிளம்பறோம்." சடைச்சி தலையாட்டினாள், கைகூப்பினாள். அவர் மசியவில்லை. மணவறையில் பவளாயி அழுதாள்.

சடைச்சி ஆற்றங்கரைக்கு ஓடி நாணல் முன்னால் நின்றாள். திட்டக்கூட வாயில்லை அவளுக்கு. கண்ணீர் மட்டும் வழிந்தது. நாணலை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பு என்னுதுதான் தாயே. என்னை அறுத்து உன் வாயில வை. என் குரல் உனக்கு. அப்புறம் எனக்குப் பேச்சு வராது, பரவாயில்லை" என்றது. பேசாமல் இருப்பது அதற்குச் சாவு மாதிரி. இருந்தும் சொன்னது.

சடைச்சி அறுத்தாள். எச்சிலில் நனைத்து, கல்யாணச் சமையலுக்கு அடுப்பு ஊத வைத்திருந்த குழலின் முனையில் செருகி, பந்தல் நடுவில் நின்று ஊதினாள்.

சொல் ஒன்றுமில்லை அதில். பெற்றவளின் அத்தனை வருஷத்து ஆசையும் இருந்தது. பந்தலே எழுந்து நின்றது. வீரணனுக்குச் செத்துப்போன தன் அம்மா கூப்பிடுவது போலிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டாங்கடா, கட்டு" என்றார். தாலி ஏறிய பிறகும் சடைச்சி நிறுத்தவில்லை. அக்கரைக்கே கேட்கட்டும் என்று தலைநிமிர்ந்து ஊதினாள்.

அன்று முதல்தான் நாணல் காற்றில் சலசலப்பதோடு சரி, மனிதர் எச்சில் பட்டால்தான் அதற்குக் குரல். அன்று முதல்தான், பந்தலில் எத்தனை பெரிய மனிதர்கள் பேசினாலும், முனையில் அந்த நாணலைச் செருகிய நாகசுரம் ஓங்கி ஒலித்த பிறகே தாலியில் முடிச்சு விழுகிறது.